புரை நீங்கிய பின்னர்

கெடா மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் உழைத்து முதிர்ந்தவர்கள் இருளுக்குப் பழகியவர்கள். பொழுது புலருமுன் பெரட்டுக்குப் போய் நின்று, நெற்றியில் கட்டிய விளக்கின் சிறு வெளிச்சத்தில் நிரை நிரையாக மரம் சீவியவர்கள். அந்தச் சின்னஞ்சிறு ஒளிவட்டத்துக்குள் பட்டையின் தடிப்பை அவர்களுடைய கண்களே அளந்தன. கத்தி சற்றே ஆழ்ந்தால் மரம் காயப்படும். சற்றே மேலோடினால் பால் வடியாது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த நூலளவை அளவுகோல் எதுவுமின்றி ஆயிரமாயிரம் முறை தவறாமல் கண்டவர்கள் அவர்கள். உலகம் அதனைக் கூலி வேலை என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிட்டது. உண்மையில் அது கைத்தொழில் மட்டுமன்று; கண்தொழிலும் ஆகும்.

அத்தோட்டங்களுள் பல இன்று இல்லை. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது; செம்பனையும் நில்லாத இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. லயங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் என்று நகர்ப்புறங்களில் குடியேறின. மரம் சீவிய கைகள் ஓய்ந்தன. அக்கைகளுக்கு வழிகாட்டிய கண்களும் மெல்ல மெல்ல மங்கத் தொடங்கின.

கண்மணிக்குப் பின்னே பளிங்குபோல் தெளிந்து விளங்கும் ஒரு வில்லை உண்டு. வெளியுலகின் ஒளியைக் குவித்து விழித்திரையில் உருவமாக விழச் செய்வது அதன் பணி. முதுமையில் அவ்வில்லையிலுள்ள புரதங்கள் தம் ஒழுங்கு குலைந்து திரளுகின்றன. தெளிவு கெட்டு வில்லை வெண்மையோ பழுப்போ அடைகிறது. இதுவே கண்புரை. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது இன்னும் விரைவில் வருகிறது. மலேசியாவில் 2014ஆம் ஆண்டு நடைபெற்ற இரண்டாவது தேசியக் கண் ஆய்வு, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் பார்வையிழந்தோர் 100 பேரில் ஏறத்தாழ 59 பேருக்கு அறுவை செய்யப்படாத கண்புரையே காரணம் என்று கண்டது. நீக்கத்தக்க ஒன்றை நீக்காமல் விட்டதனால் வந்த குருடு அது. அந்த எண்ணுக்குப் பின்னால், வயதானால் கண் மங்கத்தான் செய்யும் என்று திண்ணையோரத்தில் அமர்ந்துவிட்ட எத்தனையோ முதியவர்கள் இருக்கிறார்கள்.

அறுவைக்கு இசைந்து பார்வை பெற்றவர்களின் கதையேனும் அத்தோடு இனிதே முடிகிறதா என்றால், எப்போதும் அவ்வாறு முடிவதில்லை. புரை நீங்கிய பின்னரும் ஒரு மங்கல் வரக்கூடும். அதனைப் பற்றிய அறியாமை, முதற் புரையைப் பற்றிய அறியாமையைக் காட்டிலும் துயரமானது. ஏனெனில், முதலில் மனிதன் இருட்டில் இருக்கிறான். இரண்டாவதில், வெளிச்சத்தைக் கண்ட பிறகு மீண்டும் இருட்டுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறான்.

இந்த இரண்டாம் மங்கல் எவ்வாறு வந்தது என்பதை அறிய, புரை மருத்துவம் கடந்துவந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

கண்புரைக்குச் சிகிச்சை செய்யும் முயற்சி இந்திய மண்ணில் மிகத் தொன்மையானது. மங்கிய வில்லையை ஊசியால் தள்ளிப் பார்வையின் வழியிலிருந்து விலக்கும் முறை சுசுருதரின் பெயரால் வழங்கும் நூலில் கூறப்படுகிறது. தமிழகத்தில், தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் கண் மருத்துவத்தில் பேரார்வம் காட்டினார். அவர் காலத்தில் சிகிச்சை பெற்ற கண் நோயாளர்களைப் பற்றிய குறிப்புகள், கண்களின் வண்ணப் படங்களோடு தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. மேலை நாட்டில், பிரெஞ்சு மருத்துவர் ழாக் தவியேல் 18ஆம் நூற்றாண்டின் நடுவில், வில்லையைத் தள்ளிவிடாமல் கண்ணைத் திறந்து வெளியே எடுக்கும் முறையை நிலைநாட்டினார்.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டால் திரை நீங்கும். ஆனால் ஒளியைக் குவிக்கும் கருவியும் உடன் போய்விடும். அக்குறையை ஈடுசெய்யக் கனத்த கண்ணாடி கொடுத்தார்கள். பெரிய குவளையின் அடிப்பாகம்போல் தடித்த கண்ணாடி அணிந்த முதியவர்களைத் தோட்டப்புறத்தில் மூத்த தலைமுறையினர் பலரும் கண்டிருப்பர். அக்கண்ணாடி வழியே பொருள்கள் உள்ளதைவிடப் பெரியனவாகவும் அருகில் இருப்பனவாகவும் தோன்றும். ஊற்றிய காப்பி குவளைக்கு வெளியே விழும். படி இருக்குமிடத்தைக் கால் தவறாகக் கணிக்கும். கண்ணாடி உடைந்தால், புதிது வரும்வரை அவர் மீண்டும் பார்வையற்றவரே.

எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொரு வில்லையைக் கண்ணுக்குள்ளேயே வைத்தால் என்ன? இலண்டன் நகரில் ஒரு புரை அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்ததற்கு ஈடாக ஒன்றையும் வைக்காமல் விடுவது வருந்தத்தக்கது என்ற கருத்தில் பேசினார் என்பர். கேட்டவர் ஹெரால்டு ரிட்லி என்னும் கண் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில், விமானிகளின் கண்களுக்குள் விமானக் கூண்டின் நெகிழிச் சிதறல்கள் பாய்ந்திருந்ததை அவர் கண்டிருந்தார். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காயமுற்ற கார்டன் கிளீவர் அத்தகைய விமானிகளுள் ஒருவர். பெர்ஸ்பெக்ஸ் எனப்பட்ட அந்தப் பொருளைக் கண் பகையாகக் கருதாமல் பொறுத்துக்கொண்டது. போரின் குப்பையிலிருந்து ஓர் உண்மை கிடைத்தது. அப்பொருளாலேயே வில்லை செய்வித்து, 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் புனித தாமசு மருத்துவமனையில் ரிட்லி முதல் செயற்கை வில்லை அறுவையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவ்வில்லை அந்நோயாளியின் கண்ணில் நிலையாக வைக்கப்பட்டது.

பாராட்டு உடனே வந்துவிடவில்லை. கண்ணுக்குள் அயற்பொருளை வைப்பதா என்று மூத்த மருத்துவர்கள் கண்டித்தார்கள். தொடக்க கால வில்லைகள் இடம் பெயர்ந்ததும் அழற்சி உண்டாக்கியதும் உண்மையே. பல்லாண்டு கடந்து, 2000ஆம் ஆண்டில் 93 வயதில் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். ஒரு மாணவரின் சொல்லைச் செவிமடுத்த ஆசிரியரின் பணி எத்தனை கோடிக் கண்களைத் திறந்துள்ளது என்பதை மாணவரும் ஆசிரியரும் எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி, இரண்டாம் மங்கலின் மூலத்துக்கு வரலாம். இயற்கை வில்லையைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. 1970களில் மிகுதியாக வழங்கிய முறைப்படி, வில்லையை உறையோடு முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். பிற்பாடு மங்குவதற்கு உறையே இராது. ஆனால் புதிய வில்லையை வைத்து நிறுத்துவதற்கும் இடம் இராது. செயற்கை வில்லை பரவியபோது, உறையின் முன்பக்கத்தில் மட்டும் வட்டமாகத் திறந்து, உள்ளிருக்கும் புரையை அகற்றி, எஞ்சிய உறைக்குள் வில்லையை வைக்கும் முறை நிலைபெற்றது. வில்லைக்கு இயற்கையே தைத்து வைத்த பையாக அவ்வுறை அமைந்தது. எந்த உறை புதிய வில்லையைத் தாங்குகிறதோ அந்த உறையே பின்னர் மங்கவும் செய்கிறது. வரத்தைத் தாங்கும் கலத்திலேயே குறையும் கருக்கொள்கிறது.

இதனை மரம் சீவியவர்களுக்கு விளக்குவது எளிது. பால்மரத்தின் பட்டையைச் சீவும்போது மரத்தை ஒட்டியுள்ள உயிரடுக்கை விட்டுவிட்டே சீவுகிறார்கள். அந்த அடுக்கு உயிரோடிருப்பதனால்தான் சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்கிறது. சில ஆண்டுகள் சென்றபின் அதே இடத்தில் மீண்டும் கத்தி வைக்க முடிகிறது. கண்ணின் உறையிலும் அத்தகைய உயிரணுக்கள் ஒட்டியிருக்கின்றன. மருத்துவர் எவ்வளவு தூய்மை செய்தாலும் அவற்றுள் சில விளிம்போரம் தங்கிவிடுகின்றன. அவை பெருகி, உறையின் பின்சுவர்மேல் ஊர்ந்து, ஒளி செல்லும் நடுவழியை அடைத்துக்கொள்கின்றன. மரத்தில் இந்த மறுவளர்ச்சி பிழைப்பைத் தருகிறது. கண்ணில் அதுவே மறைப்பாகிறது. எடுத்த புரை திரும்பி வந்ததன்று இது. வைத்த வில்லை கெட்டுப்போனதும் அன்று. வில்லை தெளிவாகவே இருக்கிறது. அதன் பின்னே புதிதாக ஒரு திரை விழுந்திருக்கிறது.

இந்த வேறுபாட்டை அறியாமையால் நேர்வது என்ன என்பதற்குச் சுங்கை பட்டாணியில் வாழும் ஒரு மூதாட்டியின் வாழ்வைக் காணலாம். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் மரம் சீவி ஓய்ந்தவர் அவர். புரை நீக்கி வில்லை வைத்த மறுநாள், கட்டவிழ்த்ததும் அவர் முதலில் பார்த்தது தம் கைகளைத்தான். கத்தி பட்ட பழைய தழும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துச் சிரித்தாராம். அதன்பின் விடியற்காலையில் எழுந்து கோலம் போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் சரம் சரமாகப் பூக் கட்டினார்.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றபின், விளக்கொளியைச் சுற்றி மூட்டம் படர்ந்தது. எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் கண்ணில் சிதறியது. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. மகனுக்குத் தொழிற்சாலையில் முறைமாற்று வேலை. ஒரு நாள் விடுப்பெடுத்தால் ஒரு நாள் வருமானம் குறையும். ஒரு முறை செய்த அறுவை பலிக்கவில்லை. இனி மருத்துவர்தாம் என்ன செய்வார்? இப்படித் தமக்குள்ளேயே தீர்ப்பெழுதிக்கொண்டு, கோலத்தை விட்டார். பிறகு வாசலுக்கு வருவதையும் விட்டார். இரண்டு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

இடைநிலைப்பள்ளியில் பயிலும் பேத்திதான் முதலில் அதனைக் கண்டுபிடித்தாள். பாட்டி கட்டிய சரத்திலிருந்து பூக்கள் நழுவி விழுந்தன.

"பாட்டி, முடிச்சு ஏன் இப்படி விட்டுப்போகுது?"

"விரல் தளர்ந்து போச்சு, கண்ணு."

பேத்தி அதை நம்பவில்லை. விரல்கள் நூலைத் தேடுவதை அவள் பார்த்திருந்தாள். அலமாரியில் பழைய மருத்துவ அட்டையை எடுத்துப் படித்தாள். மலாய் மொழியில் இருந்த குறிப்பில், பார்வை குறைந்தால் மறுபடியும் வரவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பாட்டிக்கு அதுவரை யாரும் படித்துச் சொன்னதில்லை.

மருத்துவர் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டுச் சோதித்தார். உறை மங்கியிருப்பதை விளக்கி, லேசர் ஒளியால் அதன் நடுவில் சிறு சாளரம் திறந்தார். கத்தி இல்லை, தையல் இல்லை, படுக்கையில் கிடத்தவும் இல்லை. நாற்காலியில் அமர்ந்து, கருவியில் முகவாயைப் பதித்திருந்த சில நிமிடங்களில் அது முடிந்தது. கண்ணழுத்தம் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் மூட்டம் விலகியிருந்தது. மூதாட்டி இம்முறை சிரிக்கவில்லை. நெடுநேரம் பேசாமலிருந்து, "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு வருசம்?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு அவ்வீட்டில் எவராலும் விடை சொல்ல முடியவில்லை.

கண் மருத்துவத்தில் இந்த லேசர் 1980ஆம் ஆண்டையொட்டிப் பாரிசு நகரத்து தனியேல் அரோன்-ரோசா, சுவிட்சர்லாந்தின் பிரான்சு பாங்க்கவுசர் ஆகியோரின் உழைப்பால் வழக்குக்கு வந்தது. அதற்கு முன்னர், மங்கிய உறையைத் திறக்க மீண்டும் கண்ணுக்குள் கூரிய கருவியைச் செலுத்த வேண்டியிருந்தது. லேசரும் முற்றிலும் தீங்கற்றது என்று கூறிவிட முடியாது. சிலருக்குக் கண்ணழுத்தம் தற்காலிகமாக உயரும். மிகச் சிலருக்கு விழித்திரை விலகவும் கூடும். ஆதலால், மங்கல் இடையூறு செய்யும் அளவுக்கு வளர்ந்த பின்னரே அதனைச் செய்வர்.

நோய் வந்தபின் தீர்ப்பதினும் வராமற் காப்பது சிறந்ததன்றோ? பல ஆய்வுகளைத் தொகுத்து 1998ஆம் ஆண்டு வெளிவந்த மதிப்பீடு ஒன்று, அறுவைக்குப் பின் 5 ஆண்டுகளுக்குள் 100 கண்களில் ஏறத்தாழ 28 கண்களில் உறை மங்குவதாகக் கணித்தது. அந்நிலையை மாற்ற மருத்துவர்கள் பல வழிகளை மேற்கொண்டார்கள். உறைக்குள் எஞ்சும் துணுக்குகளை நீரால் பிரித்து நன்கு தூய்மை செய்தார்கள். உறையின் முன்திறப்பைப் புதிய வில்லையைவிடச் சற்றே சிறிதாக அமைத்தார்கள். அதனால் உறையின் ஓரம் வில்லையின்மேல் சுற்றிலும் படிந்து அதனைப் பின்சுவரோடு இறுக்குகிறது. உறையோடு நன்கு ஒட்டும் அக்ரிலிக் பொருளால் வில்லை செய்தார்கள்.

இவற்றுள் வியப்பூட்டுவது வில்லையின் விளிம்பு. 1990களில் வந்த ஒருவகை வில்லையை வைத்த கண்களில் மங்கல் குறைந்திருந்தது. பொருளின் சிறப்பே காரணம் என்று முதலில் கருதினார்கள். ஜப்பானில் ஒசாகா நகரத்துக் கண் மருத்துவர் ஒக்கிஹிரோ நிஷியும் அவர் குழுவினரும் முயல்களின் கண்களில் ஆராய்ந்து, வில்லையின் கூர்மையான சதுர விளிம்பே தலையாய காரணம் என்று காட்டினார்கள். விளிம்பு உருண்டையாக இருந்தால் உயிரணுக்கள் தடையின்றி வழுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். சதுரமாக இருந்தால் உறை அவ்விடத்தில் சட்டென மடிந்து அணைபோல் நிற்கும். ஊர்ந்து வரும் உயிரணுக்கள் அந்த மடிப்பில் தேங்கிவிடும். வயலுக்கு வரப்பு எப்படியோ, வில்லைக்கு விளிம்பு அப்படி.

நல்ல வில்லை செல்வர்க்கு மட்டும் உரியதாக நின்றுவிட்டால் ஏழைகளுக்கு என்ன பயன்? இவ்வினாவுக்கு விடை தமிழ் மண்ணிலிருந்து வந்தது. கோவிந்தப்ப வேங்கடசாமி என்னும் கண் மருத்துவர் முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அக்கோணல் விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அயல்நாட்டு வில்லைகளின் விலை ஏழை நோயாளிக்கு எட்டாததாக இருந்தது. 1992ஆம் ஆண்டு அம்மருத்துவமனையின் சார்பில் மதுரையிலேயே அரோலேப் என்னும் வில்லைத் தொழிற்கூடம் பிறந்தது. வில்லையின் விலை 10 அமெரிக்க டாலர் அளவுக்கும், பின்னர் அதனினும் கீழும் இறங்கியது. விலை குறைந்த கெட்டி வில்லையிலும் விளிம்பைச் சதுரமாக அமைத்தால், நெடுங்காலத்துக்குப் பின்னும் உறை மங்கல் குறைந்தே காணப்படுகிறது என்பதை 2017ஆம் ஆண்டு அரவிந்த் மருத்துவர்கள் தங்கள் ஆய்வில் வெளியிட்டார்கள். மலிவு என்பது தாழ்வு அன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

கெடாவிலும் வாய்ப்புக்குக் குறைவில்லை. அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலும் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையிலும் கண் மருத்துவப் பிரிவுகள் உண்டு. குறையெல்லாம், மங்கிய கண்ணோடு வீட்டுக்குள் அமர்ந்திருப்பவருக்கும் அம்மருத்துவமனைக்கும் இடையில் இருக்கிறது. பேருந்துக் கட்டணம், மகனின் விடுப்பு, புரியாத மொழியில் எழுதிய அட்டை, சொல்லத் தயங்கும் மனம் ஆகிய இவையே அந்த இடைவெளி. வில்லையின் விளிம்பை எவ்வளவு கூர்மையாக்கினாலும் இவற்றை அது தடுத்துவிடாது.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. அறுவைக்குப் பின் வரும் மங்கலெல்லாம் உறை மங்கலே என்று வீட்டிலிருந்தபடி முடிவு செய்தல் ஆகாது. இனிப்புநீர் விழித்திரையைச் சிதைத்திருக்கலாம். கண்ணழுத்த நோய் ஓசையின்றிப் பார்வை நரம்பை அரித்துக்கொண்டிருக்கலாம். உறை மங்கல் காத்திருக்கும், இவை காத்திரா. திடீரென மின்னல்போல் ஒளிக்கீற்றுகள் தோன்றினாலோ, கரும்புள்ளிகள் பெருகினாலோ, ஒரு பக்கம் திரை இழுத்தாற்போல் மறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். எது எது என்று பிரித்தறிவது மருத்துவரின் கடமை. அவர் முன் கொண்டுபோய் நிறுத்துவது வீட்டாரின் கடமை.

அக்கடமையில் தமிழ்ப்பள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு. தோட்டத்துப் பெற்றோர் தாங்கள் காணாத எழுத்தைத் தங்கள் பிள்ளைகள் காணட்டும் என்றே வியர்வைக் காசைக் கொடுத்துப் பள்ளிகளைக் காத்தார்கள். அப்பள்ளிகளில் கற்ற எழுத்து, தேர்வுத் தாளோடு நின்றுவிடலாகாது. வீட்டிலுள்ள முதியவரின் மருத்துவ அட்டையை மாணவர் ஒரு முறை படித்துக் காட்டட்டும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறுகண்ணால் நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லட்டும். பிறகு கண்ணை மாற்றிப் பார்க்கச் சொல்லட்டும். எழுத்து மங்கலாக இருக்கிறது என்று ஒரு கண் சொன்னால், அடுத்த வேலை நாளில் மருத்துவமனைக்குப் புறப்படட்டும். இருட்டில் விளக்கேந்தி மரம் சீவிய தலைமுறைக்கு இளைய தலைமுறை திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் இது.